உக்பாவின் மகள்

வாப்பா போதைப்பொருள் வழக்கில் சிறையிலிருக்கும் மாணவி ஒருத்தியை, இன்னாரின் மகள்தானே என்று ஆசிரியர் அறையிலேயே பேசிக்கொண்டார்கள். அன்று முழுக்க எனக்கு உம்மு குல்தூம் (ரழி) அவர்களின் நினைவுதான்.

கஃபாவில் ஸுஜூதிலிருந்த நபியவர்களின் முதுகில் ஒட்டகக் குடலைப் போட்டானே உக்பா பின் அபீ முஐத், அவனுடைய மகள். பத்ருக்குப் பின் அவன் கொல்லப்பட்டான். மகளோ மக்காவிலேயே இஸ்லாத்தை ஏற்றிருந்தார். ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின் குடும்பத்தை விட்டு மதீனாவுக்குப் புறப்பட்டார். எத்தனை நாள் பாலைவழி! சகோதரர்கள் வலீதும் உமாராவும் பின்னாலேயே வந்து, உடன்படிக்கைப்படி திருப்பித் தரும்படி கேட்டார்கள். ஈமானோடு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பக்கூடாதென ஸூரா மும்தஹினாவின் 10ஆம் வசனம் இறங்கியது.

மக்களிடையே சமாதானம் செய்வது பற்றி அவர் அறிவித்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. அறிவிப்பாளர் பெயர் உம்மு குல்தூம் பின்த் உக்பா, தகப்பன் பெயரோடுதான்.