துடைப்பம் ஏந்திய ஆசிரியை

நுழையும்முன்

நாம் வாழும் நியூ டவுனில் சகோதரி நிவேதிதாவின் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது. அவ்வழியே செல்லும்போது அப்பெயரைப் பலமுறை கண்டிருப்பீர்கள். பாரதியார் தம் குருவாகப் போற்றியவர் இவ்வம்மையாரே. பிறர்க்கு ஈவதை இளைஞர்க்குக் கற்பித்த அவருடைய வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் வருகையும்

அயர்லாந்து நாட்டின் டங்கானன் என்னும் ஊரில் 1867ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் மார்கரெட் எலிசபெத் நோபிள் பிறந்தார். தந்தை சமய போதகர். ஏழைகளின் இல்லங்களுக்குத் தந்தை செல்லும்போது சிறுமி மார்கரெட்டும் உடன் செல்வார். பத்து வயதில் தந்தையை இழந்தார். பின்னர்க் கல்வி கற்று ஆசிரியையாகி, இலண்டனை அடுத்த விம்பிள்டனில் பள்ளி ஒன்றை நடத்தினார்.

1895ஆம் ஆண்டு இலண்டனில் சுவாமி விவேகானந்தரின் உரையைக் கேட்டார். இந்தியப் பெண்களின் கல்விக்கு உழைக்க உறுதிபூண்டு, 1898ஆம் ஆண்டு சனவரியில் கொல்கத்தா வந்து சேர்ந்தார். விவேகானந்தர் அவருக்கு நிவேதிதா என்று பெயர் சூட்டினார். அர்ப்பணிக்கப்பட்டவள் என்பது அதன் பொருள். அவ்வாண்டு நவம்பரில் பாக்பஜார் பகுதியில் நிவேதிதா பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். அன்னை சாரதா தேவியார் அதனைத் தொடங்கி வைத்தார்.

கொள்ளைநோயும் மாணவர்களும்

1899ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. குடிசைப் பகுதிகளில் குப்பை மலிந்து கிடந்தது. இராமகிருஷ்ண மிஷன் தொண்டுக் குழு ஒன்றை அமைத்தது. அதன் செயலாளர் பொறுப்பை நிவேதிதா ஏற்றார். பணிக்குப் பொருள் வேண்டும் என்று ஆங்கில நாளிதழ்கள் வழியாக மக்களிடம் வேண்டினார்.

பொருளோடு உழைக்கும் கைகளும் வேண்டியிருந்தன. ஏப்ரல் 21ஆம் நாள் கிளாசிக் நாடக அரங்கில் மாணவர்கள் கூடினர். விவேகானந்தர் தலைமை தாங்க, கொள்ளைநோய்க் காலத்தில் மாணவர் கடமை யாது என்பது குறித்து நிவேதிதா உரையாற்றினார். உரை முடிந்ததும் பதினைந்து மாணவர்கள் தொண்டராக முன்வந்தனர். பணமில்லாத மாணவரும் ஈயலாம் என்பதை அவர்கள் உணர்ந்தனர். உழைப்பும் நேரமும் அவர்கள் தந்த கொடை.

ஒருநாள் தெருவைத் தூய்மை செய்ய ஆள் கிடைக்கவில்லை. நிவேதிதா தாமே துடைப்பத்தை எடுத்துப் பெருக்கத் தொடங்கினார். அதைக் கண்ட தெரு இளைஞர்கள் நாணினர். அவர் கையிலிருந்த துடைப்பத்தைத் தாம் வாங்கிக்கொண்டனர்.

மருத்துவர் ராதா கோவிந்த கர் ஒருமுறை, ஈரம் கசியும் குடிசையில் நோயுற்ற குழந்தையை மடியில் ஏந்தி அமர்ந்திருந்த நிவேதிதாவைக் கண்டார். அக்குடிசையின் சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசியவரும் அவரே. குழந்தை பிழைக்கவில்லை, ஆயினும் இறுதிவரை அவர் அதனைவிட்டு அகலவில்லை. அந்நாள்களில் ஒரு நோயாளியின் மருந்துச் செலவுக்காகத் தாம் அருந்தும் பாலையும் நிறுத்திக்கொண்டார். பிறரிடம் கொடை வேண்டியவர், தம்முடையதையும் கொடுத்தார்.

பள்ளிக்காகக் கடல் கடந்தவர்

பள்ளியை நடத்தப் பொருள் போதவில்லை. ஆகவே 1899ஆம் ஆண்டு சூனில் நிவேதிதா மேலைநாடுகளுக்குப் பயணமானார். அமெரிக்க நகரங்களில் இந்தியாவைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். பள்ளியின் நோக்கத்தை நூலாக அச்சிட்டு வழங்கினார். அவர் முயற்சியால் அங்கே உதவிச் சங்கம் ஒன்றும் தோன்றியது. நாடு திரும்பியபின், 1902ஆம் ஆண்டு பள்ளி மீண்டும் நடைபெறத் தொடங்கியது.

1906ஆம் ஆண்டு கிழக்கு வங்கத்தில் பஞ்சமும் வெள்ளமும் வாட்டின. நிவேதிதா சிற்றூர்களுக்கு நேரில் சென்று மக்களின் துயரை அறிந்து எழுதினார். அப்பயணத்தின்பின் கடும் நோய்வாய்ப்பட்டார்.

பாரதியாரும் நிவேதிதாவும்

பாரதியார் இவரைச் சந்தித்தபோது, மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதா வினவினார். அவ்வினா பெண் விடுதலை பற்றிய சிந்தனையைப் பாரதியாரிடம் ஆழமாக ஊன்றியது. 1908ஆம் ஆண்டு வெளியான தம் ஸ்வதேச கீதங்கள் என்னும் நூலைப் பாரதியார் நிவேதிதாவுக்குக் காணிக்கையாக்கினார். இரவீந்திரநாத தாகூர் இவரை உலக அன்னை என்னும் பொருள்பட லோகமாதா என்று போற்றினார்.

1911ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் டார்ஜிலிங்கில் நிவேதிதா மறைந்தார். அப்போது அவருக்கு வயது 43. தம் உடைமைகளையும் நூல்களின் வருவாயையும் இந்தியப் பெண்களின் கல்விக்கே எழுதி வைத்திருந்தார். அவர் தொடங்கிய பள்ளி பாக்பஜாரில் இன்றும் நடைபெறுகிறது.

சொல்லும் பொருளும்

ஈகை – கொடுத்தல்
மலிந்து – மிகுந்து
நாணினர் – வெட்கம் அடைந்தனர்
காணிக்கை – அன்புடன் படைக்கும் பொருள்

சிந்தித்து விடை எழுதுக

1. தெரு இளைஞர்கள் நாணியதன் காரணம் யாது?
2. பணம் இல்லாதவரும் ஈய இயலும் என்பதைப் பாடத்தின்வழி விளக்குக.
3. பிறரிடம் கொடை கேட்பவர் முதலில் தாம் கொடுக்க வேண்டுமா? உம் கருத்தை எழுதுக.

செயல்பாடு

வகுப்பினர் அனைவரும் கூடி ஒரு நற்பணியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதம் தின்பண்டச் செலவில் ஒரு பகுதியைச் சேமித்து உண்டியலில் இடுங்கள். வரவைக் குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதுங்கள். மாத இறுதியில் அனைவர் முன்னிலையிலும் எண்ணி, ஆசிரியரின் துணையுடன் உரியவரிடம் சேருங்கள்.