இன்சுலின் ஏன் மாத்திரையா வரல? கிண்டியில் பிறந்த ஒரு வரைபடத்தின் கதை

மாத்தூர் எம்.எம்.டி.ஏ. பக்கம் எந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனாலும் ஃப்ரிட்ஜில் இன்சுலின் இருக்கும். சுகர் இருக்கிற வீடுகளில் அடிக்கடி வர்ற கேள்வி, இதை ஏன் மாத்திரையா தரக்கூடாது?

காரணம் எளிமையானது. இன்சுலின் ஒரு பெப்டைடு. அதாவது, அமினோ அமிலங்கள் மணி மாதிரி கோத்த ஒரு சங்கிலி. வாய் வழியா உள்ளே போனா, சாப்பாட்டில் இருக்கிற புரதத்தைப் போலவே அதையும் வயிறும் குடலும் செரிச்சுடும். தப்பிப் பிழைக்கிற கொஞ்சத்துக்கும் குடல் சுவர் வழிவிடாது. ஏன்னா, செல்களைச் சுத்தி இருப்பது கொழுப்பால் ஆன சவ்வு. தண்ணீரோடு ஒட்டும் பெரிய மூலக்கூறுகளை அது சுலபத்தில் உள்ளே விடாது.

ஆனா சில பெப்டைடுகள் இந்தச் சவ்வைத் தாண்டுது. சில, கூடவே மருந்தையும் சுமந்துக்கிட்டுப் போகுது. எது தாண்டும், எது தாண்டாது என்பதில் சங்கிலி எப்படி மடங்குது என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மடிப்புக்கு முதல் வரைபடம் போட்டவர், இதே சென்னையின் தென்கோடியில், கிண்டியில் வேலை பார்த்த ஒரு பேராசிரியர். பெயர், ஜி.என்.ராமச்சந்திரன்.

யார் இவர்?

1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படிச்சிட்டு, 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் சேர்ந்தார். அங்கே சர் சி.வி.ராமன் கண்ணில் பட்டார். இந்தப் பையன் இன்ஜினீயரிங்குக்கு ரொம்பவே புத்திசாலி என்று சொல்லி, ராமன் அவரைத் தன் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கிட்டாராம். அடுத்து கேம்பிரிட்ஜ், அங்கே முனைவர் பட்டம், திரும்பவும் பெங்களூரு.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு இயற்பியல் பேராசிரியர் தேவைப்பட்டார். துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் ராமனிடம் கேட்க, அவர் கைகாட்டியது ராமச்சந்திரனை. சுமார் 30 வயதில் துறைத் தலைவர்!

அந்தச் சமயத்தில் சென்னை வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னல், கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியா பிடிபடலைன்னு சொல்லிட்டுப் போனார். தோல், தசைநாண், எலும்பு எல்லாத்தையும் தாங்கும் புரதம் அது. எக்ஸ்-ரே படம் எடுக்க நல்ல மாதிரி வேணும். அது கிடைச்சது அடையாறில், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில். என்ன மாதிரி தெரியுமா? கங்காரு வால் தசைநாண்!

கோபிநாத் கர்தாவுடன் சேர்ந்து 1954-ல் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார். மூணு இழைகள் சேர்ந்து நிற்கிற அமைப்பு. அடுத்த வருஷமே அதைத் திருத்தி, மூணும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டு இருக்குன்னு சொன்னார்.

கிரிக் எழுப்பிய ஆட்சேபம்

இங்கேதான் சிக்கல். டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச்சுடன் சேர்ந்து 1955-ல் கேள்வி எழுப்பினார். சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்குது, இழைகளுக்கு நடுவில் மும்மூணு அமினோ அமிலத்துக்கு ரெண்டு ஹைட்ரஜன் பிணைப்பு வராது, ஒண்ணுதான் வரும் என்பது அவர்கள் வாதம். மூணு இழை என்ற அடிப்படை நிலைச்சது. பிணைப்பு விஷயத்தில் கிரிக் பக்கம்தான் கடைசியில் பொதுவா ஏற்கப்பட்டது.

மனசு விட்டுப்போக எல்லாக் காரணமும் இருந்தது. கேம்பிரிட்ஜ் ஒரு பக்கம், கிண்டி ஒரு பக்கம். ஆனா ராமச்சந்திரன் பிடிச்சுக்கிட்டது வேற ஒரு கேள்வியை: ரெண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கினா 'அளவுக்கு மீறி'? அதுக்கான எல்லையை யாரும் ஒழுங்கா வகுத்து வைக்கலையே!

வெளியான படிக அமைப்புகளை எல்லாம் அலசி, அணுக்களுக்கு இடையிலான குறைந்தபட்ச தூரங்களைத் தொகுத்தாங்க. பெப்டைடு சங்கிலியில் ஒவ்வொரு மணியும் முக்கியமா ரெண்டு இடத்தில்தான் திரும்பும். அந்த ரெண்டு கோணத்துக்கு ஃபை, சை என்று பெயர். ஒவ்வொரு கோணமா மாத்தி, எங்கே அணுக்கள் மோதுது, எங்கே மோதலைன்னு மேஜைக் கால்குலேட்டரை வச்சுக் கணக்குப் போட்டாங்க. சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவருடன் சேர்ந்து 1963-ல் வந்த அந்தக் கட்டுரையின் விளைவுதான் இன்னைக்கு உலகம் முழுக்க உயிர்வேதியியல் பாடப்புத்தகங்களில் இருக்கும் 'ராமச்சந்திரன் வரைபடம்'. முக்கால் பங்குக்கும் மேல் அதில் காலி. சங்கிலி அங்கெல்லாம் திரும்பவே முடியாது.

சரி, மருந்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியா ஒரு சம்பந்தம் உண்டு. நம்ம உடம்பின் புரதங்களில் இருப்பவை 'எல்' வகை அமினோ அமிலங்கள். அவற்றின் கண்ணாடிப் பிம்பம் 'டி' வகை. கிராமிசிடின் என்ற ஆன்டிபயாட்டிக் பெப்டைடில் ரெண்டும் மாறி மாறி வரும். அதனால் அது சுருண்டு, கொழுப்பில் ஒட்டும் பகுதிகளை வெளியே காட்டி, நடுவில் ஒரு குழாயை உண்டாக்கி, சவ்வு வழியா அயனிகளைக் கடத்தும். இந்த மாதிரி மாறி மாறி வரும் சங்கிலிகள் எப்படி மடங்கும்னு ஆர்.சந்திரசேகரனுடன் சேர்ந்து ராமச்சந்திரனே 1970-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார்.

மருந்து சுமக்கும் பெப்டைடுகள் வந்தது அப்புறம்தான். எச்.ஐ.வி. வைரஸின் 'டாட்' புரதம் தானாகவே செல்லுக்குள் போகுதுன்னு 1988-ல் தெரிய வந்தது. அதில் வேலை செய்யும் பகுதி வெறும் 9 அமினோ அமில நீளம், அதில் 6 ஆர்ஜினின். பாசிட்டிவ் மின்னூட்டம் சவ்வின் மேல்பரப்பில் ஒட்ட உதவுது. ஆனா உள்ளே போனதில் பெரும்பகுதி ஒரு சின்ன பைக்குள்ளேயே மாட்டிக்குது, என்சைம்களும் வெட்டிடுது. வெட்டுப்படாமல் இருக்க 'டி' வகையைப் போடலாம். அப்படிப் போட்டா ராமச்சந்திரன் வரைபடமும் அப்படியே தலைகீழாகும். புதுசா வடிவமைக்கிற ஒரு பெப்டைடின் மாதிரி நம்பும்படி இருக்கான்னு பார்க்க ஆராய்ச்சியாளர்கள் இன்னைக்கும் திறப்பது அந்த வரைபடத்தைத்தான்.

ராமச்சந்திரன் 1970-களின் தொடக்கத்தில் பெங்களூரு திரும்பி, மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைக் கட்டினார். ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் 1971-ல் எழுதிய ஒரு கட்டுரை, சி.டி. ஸ்கேன் படங்களைக் கணக்கிடும் முறைக்கு அடித்தளம். அது தனிக் கதை. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நோபல் வரவே இல்லை.

கடைசி வருஷங்களில் பார்க்கின்சன் நோய் அவரை முடக்கியது. 1998-ல் மனைவி ராஜலட்சுமி இறந்தார். 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் ராமச்சந்திரன் காலமானார். கிண்டி வளாகத்தில் அவர் வளர்த்த துறை, படிகவியல் மற்றும் உயிரியற்பியல் உயராய்வு மையமாக இருக்கிறது.