ராடாருக்கு வழி போட்ட இன்னொரு போஸ்

நம்ம மதுரைப் பக்கம் ஊருக்கு நாலு பேருக்காவது போஸ் என்று பெயர் இருக்கும். அது நேதாஜி மேல் உள்ள பாசத்தில் வைத்த பெயர். இங்கே சொல்லப்போவது இன்னொரு போஸைப் பற்றி. அவர் ஜெகதீஷ் சந்திர போஸ். செடிகளைப் பற்றி ஆராய்ந்தவர் என்றுதான் நமக்குத் தெரியும். ராடாரிலும் அவருக்குப் பங்கு உண்டு.

1858 நவம்பர் 30 அன்று வங்காளத்தில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. ஆனாலும் மகனை முதலில் வங்காள மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். மீனவர் வீட்டுப் பையனோடு ஒன்றாக உட்கார்ந்து படித்தவர், பிறகு கேம்பிரிட்ஜ் வரை போனார்.

1885ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியர் ஆனார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு. போஸ் சண்டை போடவில்லை. மூன்று வருடம் சம்பளமே வாங்காமல் ஒழுங்காகப் பாடம் நடத்தினார். கடைசியில் முழுச் சம்பளமும் பாக்கியோடு கிடைத்தது.

ஆய்வுக்குக் கிடைத்தது 24 சதுர அடி அறை! 1888ல் ஹெர்ட்ஸ் உண்டாக்கிக் காட்டிய மின்காந்த அலைகளை, போஸ் வெறும் 5 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கொண்டுவந்தார். ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாள் வைத்து அதையே கருவியாக்கினார். அலைகளை வாங்கப் புனல் போன்ற உலோகக் கொம்பு செய்தார். 1895ல் கல்கத்தா டவுன் ஹாலில் சுவரைத் தாண்டி அலை அனுப்பி மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். கண்டுபிடிப்பைக் காசாக்க அவருக்கு விருப்பமே இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால்தான் 1904ல் அமெரிக்கக் காப்புரிமை ஒன்று வந்தது.

சரி, ராடார் என்றால் என்ன? யானைமலை மாதிரி பெரிய பாறைக்குத் தள்ளி நின்று கத்தினால் எதிரொலி வரும் இல்லையா? ராடார் சத்தத்துக்குப் பதில் ரேடியோ அலையை அனுப்புகிறது. அலை பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடுகிறது. 450 கி.மீ. போய்த் திரும்ப ஒரு நொடியில் ஆயிரத்தில் 3 பங்கு போதும். விமானம் தானே பதில் அலை அனுப்பித் தன்னை அடையாளம் காட்டுவது இரண்டாம் நிலை ராடார். பொருள் வரும் வேகத்தையும் சொல்வது டாப்ளர் ராடார்.

போஸ் ராடாரைக் கண்டுபிடிக்கவில்லை. ரேடியோ அலையால் விமானத்தைக் கண்டறியலாம் என்று 1935ல் இங்கிலாந்தில் வாட்சன் வாட் காட்டினார். 1937 நவம்பர் 23 அன்று போஸ் காலமானார். ஆனால் ராடார் தட்டின் முன்னால் இன்றும் கொம்பு நிற்கிறது. கார்களில் வரும் ராடார் அலையின் நீளம் சுமார் 4 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட போஸின் அலைதான்!

1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது இந்தியாவில் புயல் கண்காணிப்பு ராடார் இல்லை. முதல் ராடார் 1970ல் விசாகப்பட்டினத்தில் வந்தது. சென்னைக்கு 1973ல் வந்தது. 2018ல் கஜா புயல் நெருங்கியபோது காரைக்கால் ராடார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஆய்வகத்தில் அது இல்லை, இது இல்லை என்று நாம் சொல்லும்போது அந்த ரயில் அட்டவணைப் புத்தகத்தை நினைத்துக்கொள்வோம்!