உணவின் தூய்மைக்குப் போராடிய வைலி

உண்பவன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் உணவு தயாராகத் தொடங்கிய அன்றே மோசடிக்கு வழி பிறந்துவிட்டது. ஆலைகளிலிருந்து தகர டப்பாக்களில் அடைபட்டு வரும் பண்டத்தில் என்ன கலந்திருக்கிறதென்பதை வாங்குபவன் அறிய மார்க்கமில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இந்த இருளை அகற்றப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் டாக்டர் ஹார்வி வாஷிங்டன் வைலி.

1844-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி, இண்டியானா மாகாணத்தில் ஒரு குடியானவர் வீட்டில் அவர் பிறந்தார். வைத்தியப் பட்டம் பெற்றும் ரஸாயன சாஸ்திரத்திலேயே மனம் சென்றமையால், 1874-ல் பர்டியூ சர்வகலாசாலையில் ஆசிரியரானார். மாகாணச் சுகாதார சபையாரின் வேண்டுகோளின்படி கடைத்தேனையும் பாகையும் சோதித்தபோது, மலிவான குளுகோஸ் பாகு தேனென்று விலைபோவதைக் கண்டார். 1883-ல் மத்திய விவசாய இலாகாவின் பிரதம ரஸாயன நிபுணராகி, 1887 முதல் பால், வெண்ணெய், மசாலைப் பொடிகள், காப்பி முதலியவற்றின் கலப்படத்தை அறிக்கைகளாக வெளியிட்டார். ஆயினும் சட்டசபைக்கு வந்த மசோதாக்கள், முதலாளிகளின் செல்வாக்கால் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன.

அறிக்கையால் அசையாத ஜனங்களை ஒரு போஜனசாலை அசைத்தது. 1902-ல் 5,000 டாலர் மானியம் பெற்று, தம் காரியாலயத்தின் நிலவறையில் வைலி அதனை அமைத்தார். பன்னிரண்டு வாலிபர்கள் மனமுவந்து முன்வந்தனர். மாமிசமும் வெண்ணெயும் கெடாதிருக்க வியாபாரிகள் சேர்த்த வெண்காரம், பாலிற் சேர்த்த பார்மால்டிஹைடு, இன்னும் ஸாலிஸிலிக் அமிலம் முதலியன அவர்களுக்கு அளந்து கொடுக்கப்பட்டன. உண்ட உணவின் நிறை, தேகத்தின் எடை, நாடி, உஷ்ணம் யாவும் தினந்தோறும் பதிவாயின. வாலிபர்களுக்குத் தலைவலியும் வயிற்றுநோயும் கண்டன. பத்திரிகைகள் அவர்களுக்கு விஷப்படை என்று பெயர் சூட்டின. நாடெங்கும் அதே பேச்சாயிற்று.

மாதர் சங்கங்கள் வைலியின் பக்கம் நின்றன. சிகாகோ நகரத்து மாமிசச் சாலைகளின் அசுத்தத்தை அப்டன் ஸிங்க்ளேர் 1906-ல் தம் நாவலில் அம்பலப்படுத்தினார். அவ்வருஷம் ஜூன் 30-ந் தேதி, தூய உணவு மருந்துச் சட்டத்திலும் மாமிசப் பரிசோதனைச் சட்டத்திலும் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.

வெற்றி கிட்டிய பின்னரே உண்மையான சோதனை வந்தது. ஸோடியம் பென்ஸோயேட் விவகாரத்தில் வைலியின் முடிவுக்கு மேலாக, 1908-ல் வேறு நிபுணர் குழுவொன்று நியமிக்கப்பட்டது. அது சிறு அளவில் தீங்கற்றதென்ற அக்குழுவின் தீர்ப்பே இன்றுவரை நிலைத்திருக்கிறது. வைலி கூறியது யாவும் சரியன்று. ஆனால் தீங்கில்லையென நிரூபிக்கும் பொறுப்பு விற்பவனுடையதேயன்றி உண்பவனுடையதன்று என்ற அவர் கொள்கை நியாயமானது. 1911-ல் அவர் மீது சாட்டப்பட்ட குற்றத்தை ஜனாதிபதி டாப்ட் தள்ளிவிட்டார். எனினும் தம் கைகள் கட்டப்பட்டிருப்பதைக் கண்ட வைலி, 1912-ல் பதவியைத் துறந்தார். பின்னர் ஒரு மாதர் பத்திரிகையின் சோதனைச்சாலையை நடத்தி, நேரே ஜனங்களிடமே பேசிவந்தார். சட்டம் பிறந்த அதே ஜூன் 30-ந் தேதியில், 1930-ல் காலமானார்.

சட்டம் தானாக எந்தச் சமையலறைக்குள்ளும் நுழைவதில்லை. கண்டதை மறைக்காமல் எழுதும் அதிகாரியும், எழுதியதைப் படித்துக் கேள்வி கேட்கும் ஜனங்களும் இல்லாவிடில், அது வெறுங் காகிதமே. வைலியின் வாழ்க்கை புகட்டும் பாடம் இதுவே.