அறிவை அளந்த ஆல்பிரெட் பினே

நீளத்தை அளக்க முழக்கோல் உண்டு. நிறையை அளக்கத் தராசு உண்டு. காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. மனிதனுடைய அறிவை அளக்க ஏதேனும் உண்டா? உண்டு என்கிறது உலகம். நுண்ணறிவு ஈவு நூறு, நூற்றிருபது என்று எண்ணாகவே எழுதியும் காட்டுகிறது. அந்த எண்ணுக்கு வழிவகுத்த கருவியைச் செய்தவர் பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரெட் பினே. ஆனால் அவர் செய்ததற்கும், அவர் பெயரால் பிறர் செய்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. இயற்பியல் பயிலும் எனக்கு உளநூல் அயலார் வீட்டுத் தோட்டம். எனினும் அளவை என்ற பேச்சு எழும் இடத்தில் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அங்கே நான் கண்ட பெருவாழ்வைச் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பினே 1857ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நீஸ் நகரில் பிறந்தார். இன்று பிரான்சைச் சேர்ந்த அந்நகரம் அப்போது சார்தீனிய அரசின் கீழ் இருந்தது. தந்தை மருத்துவர், தாய் ஓவியர். பெற்றோர் பிரிந்துவிடவே, தாயின் அரவணைப்பில் வளர்ந்து பாரிசில் படித்தார். 1878இல் சட்டப் பட்டம் பெற்றார். அத்தொழிலில் மனம் செல்லவில்லை. மருத்துவம் தொடங்கினார், அதையும் முடிக்கவில்லை. பிறகு பாரிசின் தேசிய நூலகத்தில் அமர்ந்து உளநூல்களைத் தாமே படிக்கலானார். நூலகமே அவருக்குக் கல்லூரி ஆயிற்று.

அக்காலத்தில் பாரிசின் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் சார்க்கோ என்னும் மருத்துவர் பெரும்புகழோடு விளங்கினார். பினே அவரிடம் சேர்ந்தார். அறிதுயிலில் ஆழ்த்தப்பட்டவரின் உடலில் ஒரு பக்கத்து முடக்கத்தைக் காந்தத்தால் மறுபக்கம் மாற்றலாம் என்று பேரே என்னும் நண்பரோடு சேர்ந்து எழுதினார். பெல்ஜிய நாட்டு அறிஞர் ஒருவர் இதை மறுத்தார். காந்தம் ஒன்றும் செய்யவில்லை. எதை எதிர்பார்க்கிறோம் என்று ஆய்வாளர் நோயாளியின் முன்னிலையிலேயே பேசினர், அவரும் அவ்வாறே நடந்தார் என்று காட்டினார். பினே முதலில் வாதாடினார். இறுதியில் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சுட்ட விரல் மறக்குமா? ஆய்வாளனின் ஆசை ஆய்வின் முடிவைக் கெடுக்கும் என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

1891இல் சோர்போன் பல்கலைக் கழகத்தின் உளநூல் ஆய்வகத்தில் ஊதியமின்றிச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அதன் தலைவரானார். பிரான்சில் பேராசிரியர் பதவி மட்டும் அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. ஆனால் வேறொரு செல்வம் வீட்டிலேயே இருந்தது. மதலேன், ஆலிஸ் என்ற இரு பெண் மக்களின் வளர்ச்சியை நாள்தோறும் கண்டு குறித்து வந்தார். இரண்டு கோடுகளில் எது நீளம் என்று சொல்வதில் சிறுமியர் பெரியவர்க்கு ஏறக்குறைய ஈடாக இருந்தனர். ஆனால் ஒரு பொருளை விளக்கச் சொன்னால் அதன் பயனை மட்டுமே சொன்னார்கள். கத்தி என்றால் வெட்டுவது, அவ்வளவுதான். அக்காலத்து அறிஞர் பலர் கண்ணின் கூர்மையையும் கையின் விரைவையும் அளந்து அறிவைக் காண முயன்றனர். அறிவு அங்கே இல்லை. புரிந்துகொள்வதிலும், தீர்ப்பதிலும், காரணம் காண்பதிலும் இருக்கிறது என்று தம் வீட்டுக் குழந்தைகளிடம் கற்றார் பினே.

தலை பெரிதானால் அறிவும் பெரிது என்ற நம்பிக்கையும் அன்று ஓங்கி இருந்தது. பினேயும் பள்ளிப் பிள்ளைகளின் தலையை அளந்து பார்த்தார். முதல் மாணவர்க்கும் கடை மாணவர்க்கும் இடையே கண்ட வேறுபாடு மிகச் சிறிது. அந்தச் சிறு வேறுபாட்டிலும் தம் விருப்பம் கலந்திருக்குமோ என்று ஐயுற்றார். காந்தம் கற்பித்த பாடம் அன்றோ!

1904இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சர் ஒரு குழு அமைத்தார். கட்டாயக் கல்வி வந்தபின், பாடத்தைப் பின்பற்ற இயலாத பிள்ளைகளும் வகுப்பறைக்கு வந்தனர். அவர்களைக் கண்டறிந்து தனிக் கவனம் தர வேண்டும். ஆனால் எவ்வாறு கண்டறிவது? ஆசிரியர் தமக்குப் பிடிக்காத குறும்பனை மந்தன் என்று தள்ளிவிடலாம். ஒரே குழந்தைக்கு ஒரு மருத்துவர் ஒரு பெயரும், மற்றொருவர் வேறு பெயரும் இட்டனர். இதற்கு விடையாக, சிமோன் என்ற இளம் மருத்துவரோடு சேர்ந்து 1905இல் பினே ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதில் 30 சோதனைகள். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்வது முதற்படி. மூன்று எண்களைத் திருப்பிச் சொல்வது, படத்தில் உள்ள பொருள்களின் பெயர் கூறுவது, இரு சொற்களின் வேறுபாட்டை விளக்குவது எனப் படிப்படியாக ஏறும். 1908இல் இதைத் திருத்தி, 3 வயது முதல் 13 வயது வரை எந்த வயதில் எதைச் செய்ய இயலும் என்று வகுத்தார். பத்து வயதுச் சிறுவன் எட்டு வயதினர் செய்வதை மட்டுமே செய்தால் அவன் மனநிலை எட்டு. அவ்வளவே.

இங்கேதான் பினேயின் பெருமை விளங்குகிறது. மனத்தின் அளவு கோட்டின் அளவைப் போன்றது அன்று என்று அவரே எச்சரித்தார். நான்கு அடிக் கோலோடு இரண்டு அடிக் கோலைச் சேர்த்தால் ஆறு அடி. எட்டு வயதுச் சிறுவர் இருவரைச் சேர்த்தால் பதினாறு வயது அறிவு ஆகுமா? மனநிலை என்பது இன்றைய நிலை, நாளை மாறலாம். 1909இல் எழுதிய நூலில், அறிவு பிறவியிலேயே முடிந்துவிட்டது என்போரைக் கடுமையாகக் கண்டித்தார். கவனத்தையும் நினைவையும் தீர்க்கும் திறனையும் பயிற்சியால் வளர்க்கலாம் என்றார். சிலைபோல் அசையாமல் நிற்கும் விளையாட்டு முதலிய பயிற்சிகளைப் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அமைத்தார். 1911இல் அளவுகோலை மீண்டும் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபரில், 54ஆம் வயதில் மறைந்தார்.

அவர் மறைந்த பின் நடந்தது வேறு கதை. 1912இல் ஜெர்மானிய அறிஞர் ஸ்டெர்ன் மன வயதை உடல் வயதால் வகுத்தார். 1916இல் அமெரிக்க அறிஞர் டெர்மன் அதை நூறால் பெருக்கும் வழக்கத்தைப் பரப்பினார். எட்டைப் பத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 80. குழந்தையின் நெற்றியில் எண் ஒட்டப்பட்டது! அதைப் பிறவி அளவு என்றே பலரும் கொண்டனர். கோடார்டு என்பவர் 1913இல் எல்லிஸ் தீவில், கப்பலில் வந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளை மொழிபெயர்ப்பாளர் வழியே சோதித்து, அவர்களுள் பெரும்பாலோரை அறிவு குன்றியவர் என்றார். கடற்பயணத்தின் களைப்பும் அயல்மொழியின் அச்சமும் அக்கணக்கில் சேரவில்லை. 1927இல், அறிவு குன்றியவர் எனப்பட்டோர் பிள்ளை பெறாதவாறு அறுவை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. கைகொடுக்கச் செய்த கோல் கால் முறிக்கும் தடியாயிற்று.

உண்மை பின்னரே வெளிவந்தது. 1932 முதல் 1978 வரை அமெரிக்கரின் சராசரி ஏறத்தாழ 14 புள்ளி உயர்ந்தது என்று 1984இல் ஃபிளின் என்ற அறிஞர் காட்டினார். ஒரு தலைமுறைக்குள் பிறவி இவ்வளவு மாறுமா? கல்வியும் சூழலும் மாறின, எண்ணும் மாறியது.

இதை நான் ஏட்டில் மட்டும் காணவில்லை. இந்நகரில் கட்டட வேலைக்கு வந்த நம்மவர் குடியிருப்பில், ஞாயிறுதோறும் நாங்கள் சிலர் பாடம் சொல்லித் தருகிறோம். அங்கே ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. பள்ளியில் அவளுக்குக் கடைசி வரிசை. மந்தம் என்று பெயர். இந்தியில் கேட்டால் தலை குனிவாள். அதே கணக்கைத் தமிழில் கேட்டால், நான் கேட்டு முடிக்கும் முன்னே விடை வரும். அவளுக்கு இல்லாதது அறிவா, மொழியா? தெரியாதவனையும் இயலாதவனையும் பிரித்துக் காணவே பினே பாடுபட்டார். அந்த வேறுபாடு மறைந்தால் எந்த அளவுகோலும் பொய் சொல்லும்.

நண்பர்களே, நாமும் தேர்வுகளால் அளக்கப்பட்டு இங்கு வந்தவர்கள். நாளை நம்மில் பலர் ஆசிரியராகி, அதிகாரியாகிப் பிறரை அளக்கப் போகிறவர்கள். நம் கைக்குக் கோல் வரும் நாளில் இதை நினைப்போம். மருத்துவர் வெப்பமானியை வைப்பது காய்ச்சலைத் தீர்க்கவே. நோயாளியை வீட்டை விட்டு விரட்ட அன்று.