தொரப்பள்ளிச் சிறுவனின் கலாசாலைப் படிப்பு

மேல்படிப்புக்கு மனுச் செய்யும் பருவம் வந்துவிட்டால் நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் தூக்கம் போய்விடுகிறது. மார்க்கு போதுமா, இடம் கிடைக்குமா, கிடைத்தாலும் சம்பளம் கட்டப் பணம் எங்கே என்ற கவலை தகப்பனாரையும் மகனையும் ஒருங்கே வாட்டுகிறது. இத்தருணத்தில் ஓசூர்ப் பிரதேசத்தில் பிறந்து, தேசத்தின் மிக உயர்ந்த பதவியில் அமர்ந்த ஒருவருடைய மாணவப் பருவத்தை வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியாரையே குறிப்பிடுகிறோம்.

அவர் 1878-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி ஓசூருக்கு அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். தகப்பனார் வெங்கடார்ய ஐயங்கார் அவ்வூர் முனிசீப், தாயார் சிங்காரம்மாள். முனிசீப் வேலைக்குக் கௌரவம் உண்டு, வருமானம் சொற்பம். ஓசூர் அந்நாளில் சேலம் ஜில்லாவின் வடகோடி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் எல்லைப்புறம். ரயில் பாதைகூட அங்கே வந்து சேரவில்லை. கலாசாலை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கிராமத்துப் பள்ளியில் மகன் எழுத்தறிந்ததோடு தகப்பனார் திருப்தியடைந்துவிடவில்லை. பிள்ளைக்கு ஐந்து வயதானபோது குடும்பமே ஓசூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சர்க்கார் பள்ளியில் படித்தபின், எல்லையைத் தாண்டி மைசூர் சமஸ்தானத்திலிருந்த பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பிள்ளை சேர்ந்தார். அக்கலாசாலை அப்போது சென்னை சர்வகலாசாலையுடன் இணைந்திருந்தது. மெட்ரிகுலேஷன் என்ற ஒரு பரீட்சைதான் கலாசாலையின் வாயிற்கதவு. அதில் தவறியவனுக்கு வேறு வழி கிடையாது. ஜான் கத்ரி டெயிட் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியரிடம் அங்கே அவர் ஆங்கில இலக்கியம் கற்றார். பிற்காலத்தில் அவருடைய எழுத்தில் காணப்பட்ட சுருக்கத்துக்கும் தெளிவுக்கும் அந்த வகுப்பறையில் வித்திடப்பட்டது என்பது நமது ஊகம். பிறகு சென்னை சென்று சட்டம் பயின்றார். 1900-ல் சேலத்தில் வக்கீலாக அமர்ந்தார்.

இந்த வரலாற்றில் உபகாரச் சம்பளத்தைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். மகனுக்காக வீட்டையே இடம் மாற்றத் துணிந்த தகப்பனாரைத்தான் நாம் முதல் உபகாரமாகக் கருதுகிறோம். அத்துணை இல்லாதவர்களின் கதி என்ன? கணித மேதை ராமானுஜன் 1904-ல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் சேர்ந்தார். கணிதமொன்றிலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறினார்; உதவித் தொகை நின்றது; படிப்பும் நின்றது. மாதம் 75 ரூபாய் தந்து சென்னை சர்வகலாசாலை அவரைத் தாங்கியது 1913-ல்தான். இடையில் கழிந்த ஆண்டுகளில் அவர் பட்ட வறுமையைத் தமிழுலகம் அறியும்.

சேலத்தில் ராஜாஜியின் வக்கீல் தொழில் செழித்தது. ஆயினும் படிப்பு ஆங்கிலம் அறிந்தவர்களின் தனிச் சொத்தாக இருப்பதை அவர் ஒப்பவில்லை. 1916-ல் சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்கச் சேலத்திலேயே ஒரு சங்கம் கண்டார். பல்லாண்டுகளுக்குப் பின் 'திண்ணை ரசாயனம்' எழுதியதும் அந்த நோக்கத்தின் தொடர்ச்சியே. பின்னர் மகாத்மாவின் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. வக்கீல்கள் கோர்ட்டுகளையும் மாணவர்கள் அரசாங்கக் கலாசாலைகளையும் துறக்க வேண்டுமென்பது அதன் திட்டம். நல்ல வருமானம் தந்த தொழிலை ராஜாஜி உதறினார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை புகுந்தார். அந்த அழைப்பைக் கேட்டுப் புத்தகத்தை மூடிய ஏழை மாணவர்கள் பலர் பிறகு கலாசாலைப் பக்கம் திரும்பவே இல்லை. பட்டம் பெற்றபின் தொழிலைத் துறப்பது ஒன்று; பட்டமே இல்லாமல் வாழ்வைத் தொடங்குவது வேறொன்று. அந்தப் பெயரறியாத இளைஞர்களுக்கும் நாம் தலைவணங்குகிறோம்.

1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி, 1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல், 1952-ல் மீண்டும் சென்னையின் முதன் மந்திரி என்று அவர் ஏறிய படிகளை வாசகர்கள் அறிவார்கள். அவற்றை விரிக்கப் போவதில்லை. ஆனால் 1953-ன் ஆரம்பக் கல்வித் திட்டத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பிள்ளைகளுக்குப் பள்ளி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். மீதி நேரத்தில் தகப்பன் செய்யும் தொழிலில் பழக வேண்டும் என்பது அத்திட்டம். கஜானாவில் பணமில்லை, பள்ளியில் சேர வேண்டிய குழந்தைகளோ ஏராளம், இருக்கும் கட்டடத்தையும் உபாத்தியாயரையும் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அவர் கணக்கு. அவருடைய நோக்கத்தில் நாம் களங்கம் காணவில்லை. கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. தொரப்பள்ளி முனிசீப் தம் பிள்ளையை முனிசீப் வேலைக்குப் பழக்கவில்லை, பெங்களூருக்கு அனுப்பினார். குயவனும் சலவைத் தொழிலாளியும் அவ்வாறே ஆசைப்படக் கூடாதா என்று நாடு கேட்டது. திராவிட இயக்கத்தார் மட்டுமன்றிக் காங்கிரஸ்காரர்களும் கேட்டனர். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர், கலாசாலை வாசலையே மிதியாதவர், அத்திட்டத்தை அவ்வாண்டே கைவிட்டார்.

ராஜாஜி 1972 டிசம்பர் 25-ந் தேதி காலமானார். அவர் பிறந்த ஓசூர்ப் பகுதி 1965-ல் தருமபுரி ஜில்லாவிலும், 2004-ல் கிருஷ்ணகிரி ஜில்லாவிலும் சேர்ந்தது. இன்று அங்கே ஆலைகள் நிறைந்திருக்கின்றன, கலாசாலைகளும் வந்துவிட்டன. சர்க்கார் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு வைத்தியக் கலாசாலைகளில் நூற்றுக்கு ஏழரை வீதம் இடம் 2020-ல் ஒதுக்கப்பட்டது. அப்பள்ளிகளில் படித்து மேல்படிப்பில் சேரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் ஏற்பாடு 2022-ல் தொடங்கிற்று. பையன்களுக்கும் 2024-ல் வந்தது. ஆயினும் மனுப் போட வேண்டிய தேதி தெரியாமலும், வருமானச் சான்றும் ஜாதிச் சான்றும் உரிய காலத்தில் கைக்கு வராமலும் இடத்தை இழக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆலையில் இரவு வேலை முடித்து வரும் தகப்பனுக்குத் தாலுகா ஆபீஸ் திறந்திருக்கும் நேரமே உறங்கும் நேரம். நம் ஊழியர்கள் கிராமந்தோறும் சென்று, பரீட்சை முடிவு வருமுன்பே அந்தச் சான்றுகளை வாங்கிக் கொடுக்கும் வேலையை இந்தக் கோடையிலேயே எடுத்துக்கொள்ளலாம். தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. வேலையை அத்தெருவிலிருந்தே தொடங்கலாம்.