திருக்கல்யாணம் தீட்டிய கொண்டைய ராஜு

மீனாட்சி திருக்கல்யாணப் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நடுவில் தலை குனிந்து நிற்கும் அம்மன், ஒரு பக்கம் சொக்கநாதர், மறுபக்கம் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கும் திருமால். சூலியா தெருவிலிருந்து குயின் தெருப் பக்கம் திரும்பினால், சாமிப் படம் விற்கும் கடைகளில் இதைச் சட்டமிட்டு மாட்டியிருப்பார்கள். வாங்குவோர் விலையைக் கேட்பார்கள். வரைந்தவர் யாரென்று கேட்பவரை நான் பார்த்ததில்லை.

அவர் சி. கொண்டைய ராஜு. 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் மேலைநாட்டு முறையில் பயின்றார். படித்த கையோடு வேலையில் அமராமல், திருவண்ணாமலை சென்று இரமணாசிரமத்தில் தங்கினார். துறவியாகவே இருந்துவிடுவார் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் தூரிகை விடவில்லை. நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதுபவராக ஊர் ஊராகச் சுற்றினார்.

நாடகம்தான் அவரை உருவாக்கியது என்பது என் கருத்து. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அரண்மனைத் தூண் தெரிய வேண்டுமல்லவா? அந்தப் பளிச்சென்ற நிறமும், தூண்களும், சபை நிறைந்த கூட்டமும் பின்னாளில் அவருடைய தெய்வத் திருமணங்களுக்குள் அப்படியே குடியேறின. மதுரைக் கோயில் தூணில் கல்லாக நின்ற திருக்கல்யாணக் காட்சி, அவர் கையில் பட்டும் நகையும் பூண்டது.

1942 வாக்கில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். பினாங்கு ஜப்பானியர் பிடியில் தவித்த காலம் அது. போருக்குப் பின் சிவகாசி அச்சகங்கள் வளர, நாள்காட்டிகளுக்கு அவரும் மாணவர்களும் வரைந்து தள்ளினார்கள். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் போன்றோர் அவர் பட்டறையில் வளர்ந்தவர்களே.

நாள்காட்டிப் படம்தானே என்று வளாகத்தில் சில நண்பர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி: ஜப்பானிய மரக்கட்டை அச்சில் முழு வண்ணம் மலர்ந்ததே 1765இல், செல்வர்கள் பரிமாறிக்கொண்ட நாள்காட்டிகளால்தான். அதில் முன்னின்ற ஹருநொபு, பிறகு திருமணச் சடங்குகளையும் வரிசையாக வரைந்தார். அவருடைய அச்சுகள் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கொண்டைய ராஜுவின் அச்சுகளோ டிசம்பர் கடைசியில் ஆணியிலிருந்து இறங்கிவிடும்.

எல்லாம் இறங்குவதில்லை. அவர் மறைந்தது 1976இல். எங்கள் பாட்டி வீட்டுப் பூசை மேடையில் அந்தத் திருக்கல்யாணம் இன்னும் இருக்கிறது. சட்டத்துக்கு அளவாக ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். தேதித் தாளும் கடை விளம்பரமும் போய்விட்டன. ஓவியர் பெயர் இருந்திருந்தால், அதுவும் அந்தத் துண்டோடு போயிருக்கும்.